6 ரூபாய்க் கஞ்சி, 47 ரூபாய்க் கஞ்சி

(விழுப்புரம் அருகே இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் நில உரிமை பற்றியும் இட ஒதுக்கீடு பற்றியும் பேசினார்கள். நான் கஞ்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இன்னும் ஐந்து வருடத்தில் ஒரு கைக்குழந்தை இருக்கும். உங்கள் குழந்தையாக இருக்கலாம், அக்கா பிள்ளையாக, அண்ணன் பிள்ளையாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும், எந்தப் பெட்டி மாவு வாங்குவது என்று கைபேசியில் தேடப்போகிறவர்கள் நீங்கள்தான். அதனால் கொஞ்சம் கேளுங்கள்.

நான் 24 வருடமாகப் பால்வாடி டீச்சர். அரசாங்கக் காகிதத்தில் அங்கன்வாடிப் பணியாளர். எடை போடுவது, உயரம் அளப்பது, மாவு கொடுப்பது, அதையெல்லாம் கைபேசிச் செயலியில் ஏற்றுவது என் வேலை. எடை ஏறாத குழந்தை வீட்டுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. அப்படிப் போன ஒரு வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

பத்து மாதப் பெண் குழந்தை. அப்பா கொத்தனாருக்குச் சித்தாள். அம்மா நடவு, களை என்று கிடைத்த வேலைக்குப் போகிறவர். மூன்று மாதமாகக் குழந்தைக்கு எடை ஏறவில்லை. அலமாரியில் பளபளவென்று ஒரு பெட்டி இருக்கிறது, பெரிய கம்பெனி மாவு. எப்படிக் கொடுக்கிறாய் என்று கேட்டேன். "ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குறேன் டீச்சர். பெட்டியில போட்டிருக்கற அளவுக்குப் போட்டா கட்டுப்படி ஆகாது" என்றார்.

பெட்டியில் போட்டிருக்கிற அளவு என்ன? ஒரு வேளைக்குச் சுமார் 50 கிராம் மாவு. 300 கிராம் பெட்டி ஆறு வேளைக்கு வரும். எங்கள் ஊர் மருந்துக் கடையில் அந்தப் பெட்டி 280 ரூபாய். ஒரு வேளைக்கு 47 ரூபாய் ஆகிறது. நாளுக்கு இரண்டு வேளை என்றால் மாதத்துக்குப் பத்துப் பெட்டி, 2,800 ரூபாய். ஒரு சித்தாளின் வீட்டில் இது முடியுமா? முடியாது. முடியாதபோது அந்தத் தாய் என்ன செய்வார்? பெட்டியை நிறுத்த மாட்டார், அதில்தான் சத்து இருக்கிறது என்று நம்ப வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டியைப் பதினைந்து நாள் இழுப்பார். குழந்தை குடிப்பது வெள்ளைத் தண்ணீர்.

இது புதுக் கதை இல்லை. 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், ரோட்டரி சங்கத்துக்காரர்கள் முன்னால் பேச எழுந்தார். உரைக்கு 'பாலும் கொலையும்' என்று தலைப்பு வைத்தார். தாய்ப்பாலை நிறுத்தி டப்பாப் பாலைக் கொடுக்கச் சொல்லி ஏழைத் தாய்மார்களிடம் விற்பவர்களை அவர் நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். 1974இல் பிரிட்டனில் ஓர் அறிக்கை வந்தது. அடுத்து 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. இவற்றின் மையக் குற்றச்சாட்டுகளில் ஒன்று, நான் அந்த வீட்டில் பார்த்ததுதான். விலை கட்டாத தாய் தண்ணீரைக் கூட்டுகிறாள், அந்தத் தண்ணீரும் சுத்தமாக இல்லை, குழந்தை சாகிறது. 1981இல் உலக சுகாதார மாநாடு விற்பனை நெறிமுறை கொண்டுவந்தது. இந்தியாவில் 1992இல் சட்டம் வந்தது, 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் உணவுக்கு இந்த நாட்டில் விளம்பரமே செய்யக் கூடாது. மாதிரிப் பொட்டலம் கொடுக்கக் கூடாது, மருத்துவருக்கும் செவிலியருக்கும் பரிசு கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டம் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். இரண்டு பேர். சரி.

2024 ஏப்ரலில் 'பப்ளிக் ஐ' என்ற சுவிட்சர்லாந்து அமைப்பும் குழந்தை உணவுச் செயல்பாட்டாளர்களின் பன்னாட்டு வலையமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியாவில் விற்கும் செரலாக் மாவில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராமை ஒட்டிச் சர்க்கரை சேர்த்திருந்தது. அதே கம்பெனி ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் விற்பதில் சேர்த்த சர்க்கரை இல்லை. சில வருடங்களாகச் சர்க்கரையைக் குறைத்து வருகிறோம் என்று கம்பெனி பதில் சொன்னது. நான் கேட்பது ஒன்றுதான். அங்கே பூஜ்யம், இங்கே 3 கிராம் என்று யார் முடிவு செய்தது? வெள்ளைக்காரக் குழந்தையின் நாக்கு வேறு, நம் குழந்தையின் நாக்கு வேறா?

இனிப்புக்குப் பழகிய குழந்தை அடுத்து எதையும் சீக்கிரம் வாயில் வாங்காது. "எது கொடுத்தாலும் துப்புறான் டீச்சர், பெட்டி மாவுதான் பிடிக்குது" என்று தாய்மார்கள் சொல்வதை நான் வாராவாரம் கேட்கிறேன்.

சரி, வீட்டு மாவின் கணக்குக்கு வருகிறேன். ராகி அரை கிலோ 30 ரூபாய். பாசிப்பருப்பு கால் கிலோ 35 ரூபாய். வேர்க்கடலை 150 கிராம் 24 ரூபாய். பொட்டுக்கடலை 100 கிராம் 12 ரூபாய். மில்லில் அரைக்க 15 ரூபாய். மொத்தம் 116 ரூபாய், ஒரு கிலோ மாவு. சலித்ததில் கொஞ்சம் போனாலும் 19, 20 வேளைக்கு வரும். வேளைக்கு 6 ரூபாய். எங்கள் கடைத்தெரு விலை இது, உங்கள் ஊரில் ஐந்து பத்து கூடக் குறைய இருக்கலாம். ராகி வாங்க முடியாவிட்டால் ரேஷன் அரிசியே போதும், செலவு இன்னும் குறையும்.

எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ராகியைக் கல் பொறுக்கிக் கழுவி ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, ஈரத் துணியில் மூட்டை கட்டித் தொங்க விடுங்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். நிழலில் நன்றாகக் காயவைத்து, வாசம் வரும் அளவுக்கு லேசாக வறுங்கள். பாசிப்பருப்பைத் தனியாக வறுங்கள். கடலையைத் தனியாக வறுத்துத் தோல் நீக்குங்கள். சுருங்கிப்போன கடலை, பச்சையாகக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்த கடலை இருந்தால் கண்டிப்பாகப் பொறுக்கி எறியுங்கள், அந்தப் பூஞ்சை ஈரலைக் கெடுக்கும் விஷம். மில்லுக்குப் போனால், மிளகாய் அரைத்த கையோடு நம் மாவைப் போட விடாதீர்கள். அரிசி அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள். கடலை சேர்ந்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் மாதத்துக்கும் சேர்த்து அரைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக அரைப்பது நல்லது.

முளைகட்டுவது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். சாதாரண மாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் பசை மாதிரி ஆகிவிடும், குழந்தையால் விழுங்க முடியாது. உடனே நாம் தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் ஊற்றினால் வயிறு நிறையும், சத்து போகாது. எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு டம்ளர் கொள்ளும், அவ்வளவுதான். அந்த ஒரு டம்ளருக்குள் எவ்வளவு மாவை இறக்க முடியும் என்பதுதான் கேள்வி. முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. முளைகட்டிய மாவு சேர்ந்தால் மாவை அதிகம் போட்டாலும் கஞ்சி இளகி வரும். கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். ஓடினால் அது கஞ்சித் தண்ணீர். மெதுவாக வழுக்கி விழுந்தால் அது சாப்பாடு. இறக்கும்போது அரை ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். தேன் அறவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ஆறு மாதத்தில் இரண்டு மூன்று ஸ்பூனில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம். ஆறு மாதம் முடியும் முன்னால் இந்த மாவும் வேண்டாம், அந்த மாவும் வேண்டாம்.

உண்மையில் இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. தனியாக எதையும் சமைக்காமல், வீட்டுக்கு வைக்கும் குழம்பில் உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டிப் பருப்பும் காயும் எடுத்துச் சோற்றோடு குழையப் பிசைவது. இட்லி, அவித்த சர்க்கரைவள்ளி, பூசணி, வாழைப்பழம். இதற்குத் தனிச் செலவே இல்லை. ஆனால் இதை நான் சொன்னால் சில வீடுகளில் மாமியார் என்னை முறைப்பார். பிள்ளைக்கென்று பெட்டி வாங்கித் தருவது இப்போது கௌரவம் ஆகிவிட்டது.

"அப்போ பாட்டி காலத்து முறைக்கே திரும்பிப் போகணுமா?" என்று ஒரு தங்கை வாசலில் கேட்டார். வேண்டாம் அம்மா. பாட்டி காலத்தில்தான் பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைத்தார்கள், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், கழுதைப்பால் கொடுத்தார்கள், சீம்பாலைப் பீய்ச்சி வெளியே விட்டார்கள். வசம்பை உரசி இன்றைக்கும் நாக்கில் தடவுகிறார்கள், அதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் வேறு. குலதெய்வக் கோயிலில் சோறு ஊட்டினால்தான் சாப்பாடு தொடங்கலாம் என்று ஒன்பது மாதம் வரை காத்திருந்த வீடு எனக்குத் தெரியும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலோடு திட உணவும் பெறுகிறவர்கள் நாடு முழுவதும் 46 விழுக்காடுதான். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வேண்டிய வயதில் சாப்பாடு தொடங்கவில்லை.

இன்னொரு கூட்டம் 'பாரம்பரியம்' என்று கடை விரித்திருக்கிறது. நம் களத்து மேட்டுக் கேழ்வரகைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டு, பாட்டி படம் ஒட்டி, 21 தானியம், பாதாம், பிஸ்தா என்று எழுதிப் பெட்டி மாவின் விலைக்கே விற்கிறார்கள். கூழ் குடிக்கிறவன் என்று நம்மைக் கேலி செய்தார்கள், இன்றைக்கு அதே கூழ் மாவை நமக்கே விற்கிறார்கள். தவிர, ஆறு மாதக் குழந்தைக்கு ஒரே நேரத்தில் 21 பொருள் கொடுத்து ஒவ்வாமை வந்தால் எது ஆகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு பொருள் போதும். அதையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பழக்கி, பிறகு கலக்கலாம்.

இதுவரை சொன்னதில் உங்களுக்குச் சண்டை ஒன்றும் இருக்காது. இனிமேல் சொல்வதில்தான் இருக்கிறது.

வீட்டு மாவு நல்லது, மலிவு. ஆனால் மாவு மட்டும் போதாது. இதை மறைத்து வீட்டு மாவைப் புகழ்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. கம்பெனிப் பெட்டியில் ஒரு விஷயம் உண்டு, இரும்புச் சத்து சேர்த்திருப்பார்கள். நம் மாவில் அது சேராது. தாயின் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்தில் தீரத் தொடங்கும், தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப்படி ஏழு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 8 போதும். எட்டுக் கிலோ உடம்புக்கு எழுபது கிலோ உடம்பைவிட அதிகம் தேவை. தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாது. முளைகட்டினால் கொஞ்சம் ஒட்டும், தக்காளியோ எலுமிச்சையோ சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் ஒட்டும். டீ கொடுத்தால் அதுவும் போகும். டீயில் தொட்ட 5 ரூபாய் பிஸ்கட்தான் எங்கள் பக்கத்துக் குழந்தைகளின் காலைச் சாப்பாடு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் இரத்தசோகை இந்திய அளவில் 67 விழுக்காடு, தமிழ்நாட்டில் 57 விழுக்காடு. இதுவும் அதே ஆய்வுதான்.

எளிதில் ஒட்டுகிற இரும்பு எங்கே இருக்கிறது? ஈரலில், சுவரொட்டியில், இறைச்சியில், மீனில். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை முட்டையோ மீனோ இறைச்சியோ தினமும் வேண்டும் என்று சொல்கிறது. ஆறு மாதத்திலிருந்தே. பல் முளைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வேகவைத்து அம்மியிலோ மிக்சியிலோ மையாக அரைத்துவிட்டால் ஈறு போதும்.

கோழி ஈரல் 100 கிராம் 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழந்தைக்கு வாரம் ஒருமுறை இரண்டு ஸ்பூன் போதும், அதற்கு மேல் வேண்டாம். முட்டை 7 ரூபாய், மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் நன்றாக வெந்ததாகக் கொடுங்கள். நெத்திலியை வேகவைத்து முள் எடுத்து மசிக்கலாம். கருவாட்டில் உப்பு அதிகம், அது ஒரு வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். மாட்டிறைச்சி எங்கள் சந்தையில் ஆட்டுக்கறியின் விலையில் பாதிகூட இல்லை. பெட்டி மாவுக்கும் வீட்டு மாவுக்கும் மாதத்துக்கு 2,400 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வருகிறதே, அதில் ஒரு பங்கை எடுத்து இதற்குப் போட்டால் குழந்தை தேறும். மிச்சம் பிடித்த காசு முழுவதையும் வேறு கடனுக்குக் கொடுத்துவிட்டால், வெறும் மாவுக் கஞ்சியில் அந்தக் குழந்தை இரத்தசோகையோடுதான் வளரும்.

பாருங்கள் தோழர்களே, இந்த நாட்டில் மலிவாகக் கிடைக்கிற இரும்பு எல்லாம் யாருடைய சட்டியில் இருந்தது? ஈரலும் குடலும் இரத்தமும் மாட்டுக்கறியும் யாருடைய சாப்பாடு? எதைச் சாப்பிட்டதற்காக நம்மைத் தள்ளி வைத்தார்களோ, அதுதான் ஆறு மாதக் குழந்தைக்குத் தேவை என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஆனால் நம் வீடுகளிலேயே அது குழந்தையின் கிண்ணத்துக்குப் போவதில்லை. ஏன்?

ஒரு மருத்துவமனையில் சத்துணவு ஆலோசனை நடக்கிறது. நான் ஒரு தாயைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். "குழந்தைக்கு என்னென்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டார்கள். நேற்றுதான் அந்த வீட்டில் மாட்டுக்கறி வேகவைத்துக் குழந்தைக்கும் ஊட்டினார்கள், எனக்குத் தெரியும். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், "பருப்பு சாதம், ஆப்பிள்" என்றார். ஆப்பிளை அந்த வீட்டில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எதிரில் இருந்தவர் "வெரி குட்" என்று எழுதிக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் பால், நெய், பாதாம், ஆப்பிள், ஒரு சிவப்புக் கன்னக் குழந்தை. ஈரல் படம் இல்லை. நெத்திலி இல்லை. வெளியே வந்ததும், "கறி கொடுத்தேன்னு ஏம்மா சொல்லல?" என்றேன். "என்ன கறின்னு அடுத்துக் கேப்பாங்களே டீச்சர்" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் குழந்தையின் கிண்ணத்திலிருந்து முதலில் கறி போகிறது, பிறகு கருவாடு போகிறது, பெட்டி உள்ளே வருகிறது. படித்து வேலைக்குப் போய் டவுனில் வாடகைக்கு வீடு எடுத்த நம் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். வாடை வரும், வீட்டுக்காரர் கேட்பார் என்று சமைப்பதையே விட்டுவிடுகிறார்கள். பெட்டி மாவுக்கு வாடை இல்லை, சாதியும் தெரியாது. அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் நாம் 47 ரூபாய் கொடுக்கிறோம்.

அரசாங்கங்களும் இதே வேலையைச் செய்கின்றன. 2015இல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடியில் முட்டை கொடுக்க மறுத்தார், ஊட்டச்சத்துக் குறைபாடு மிக அதிகம் உள்ள மாநிலங்களில் அது ஒன்று. 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் வட மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்தபோது மடாதிபதிகள் கிளம்பி வந்தார்கள். தமிழ்நாட்டில் 1989இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010இல் வாரத்துக்கு ஐந்து முட்டை வரை வந்தோம். இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் முட்டையை ஏற்றுக்கொண்ட இதே தமிழ்நாட்டில், அந்த முட்டையை யார் அவிப்பது என்பதில் சண்டை வந்தது. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்ததை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர்த் தெருவிலிருந்து வருகிறவர்கள் சத்துமாவுப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள், பிள்ளையைச் சாப்பிட அனுப்ப மாட்டார்கள். அந்தப் பொட்டலமும் பல வீட்டில் மாட்டுத் தொட்டியில்தான் விழும். காலனிக்காரி கையால் வாங்கிய மாவு மாட்டுக்கு ஆகும்.

இப்போது மாவுப் பொட்டலத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடியில் இணை உணவு மாவு இலவசமாக வாங்க உரிமை உண்டு. இது பிச்சை இல்லை, 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் வந்தபோது நாளுக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று கணக்கு வைத்தார்கள். அதற்கு ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய் என்று ஒன்றிய அரசு 2017இல் வகுத்தது. 8 ரூபாய்! ஒரு முட்டை வாங்கினால் மிச்சம் ஒரு ரூபாய். ஒப்பந்தக்காரர்களை அங்கன்வாடி உணவில் நுழைய விடக் கூடாது, மகளிர் குழுக்களிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளில் மையம் அமைக்க முன்னுரிமை கொடுங்கள் என்றும் சொன்னது. உங்கள் காலனியில் மையம் இருக்கிறதா, அது காலனியில் இருக்கிறதா ஊர்த் தெருவில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டர் நடந்து வர முடியாத தாய்தான் மருந்துக் கடைக்குப் போகிறார்.

வீட்டில் செய்தால் மிச்சம் என்று நான் பேசிக்கொண்டே போகிறேன். யார் செய்வது? ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து, மில்லுக்கு நடந்து, காய்ச்சி, ஆறவைத்து, அரைமணி நேரம் உட்கார்ந்து ஊட்டுவது யார்? என் கணக்கில் மில் கூலி 15 ரூபாய் இருக்கிறது, அந்தப் பெண்ணின் கூலி இல்லை. காலை ஏழு மணிக்கு நடவுக்குப் போகிறவர் திரும்ப மாலை ஆகிறது. அவரிடம் போய் முளைகட்டு என்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். வயலில் களை எடுக்கிறவருக்கு எந்த விடுப்பு, எந்தக் காப்பகம்? 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையைப் பெருமளவு அரசே ஏற்க வேண்டும், வேலை வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது.

அதனால் தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன். ராகியை மூட்டை கட்டத் தாய்தான் வேண்டும் என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு நீங்கள் போங்கள். எங்கள் மையத்தில் நான்கு தாய்மார்கள் முறை வைத்துச் செய்கிறார்கள், வாரம் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து முளைகட்டி அரைத்து வருகிறார். தலைக்கு ஒரு மாதத்தில் ஒரு நாள் வேலை. ஒருவர் ஊர்த் தெரு. ஆரம்பத்தில் தன் பங்கு மாவைத் தனியாக அரைத்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு மாதம் தனியாக அரைத்தார், வேலை தாங்கவில்லை, பிறகு சேர்ந்துகொண்டார். மனம் மாறினாரா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவர் பிள்ளை எங்கள் பெண்கள் அரைத்த மாவைச் சாப்பிடுகிறது.

அந்தச் சித்தாள் வீட்டுப் பெண் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெட்டியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று நாள் பாதிப் பாதி கலந்து கொடுக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் துப்பிவிடும். பிறகு முழுவதும் நம் மாவு, தினம் ஒரு முட்டை, வாரம் ஒருமுறை ஈரல், செவிலியர் கொடுக்கும் இரும்புச் சத்துச் சொட்டு வாரம் இரண்டு முறை. முதல் மாதம் 150 கிராம் ஏறியது. அடுத்த மாதம் காய்ச்சல் வந்து ஒன்றும் ஏறவில்லை. அதற்கடுத்த மாதம் 300 ஏறியது. இன்னும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறக்கும்போதே எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் என் பேச்சை வைத்து எதையும் மாற்றாதீர்கள். மற்றவர்களுக்கு, அந்த மேசையில் ஒரு கிலோ மாவு வைத்திருக்கிறேன், நேற்று அரைத்தது. பின்னால் அடுப்பு இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் காய்ச்சிக் காட்டுகிறேன், கரண்டியில் எப்படி நிற்க வேண்டும் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.